எஞ்சின் ஆறும் வரை

அந்தப் பெண் ரொட்டியைத் தேநீரில் நனைத்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று சாப்பிட்டாள். எங்கள் ரயில் அங்கே நிற்க ஆரம்பித்த முதல் வாரத்தில் நான் கவனித்தது அதைத்தான். சமையலறையின் பின்வாசல் எங்கள் பெட்டிக்கு நேரே இருந்தது. ஜன்னலுக்கும் அந்த வாசற்படிக்கும் நடுவே ஒரு வேலிகூட மிச்சமில்லை. ஒரு துணிக்கொடி, உடைந்த பூந்தொட்டிகள், காய்ந்தும் காயாமலும் கிடந்த சேறு, அவ்வளவுதான். ஒரு ரயில் நிறைய ஆட்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல் எங்களைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டதோ என்னவோ, சட்டென்று கோப்பையைப் படியில் வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே அவள் கணவர் வந்தார். ஊரே பார்க்கலாம், கட்டிய புருஷன் மட்டும் பார்க்கக்கூடாது என்றால் அது என்ன ரொட்டி என்று எனக்கு மண்டை குடைந்தது.

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற குணம் எனக்கு உண்டு. மறைக்க ஒன்றுமில்லை. பல் டாக்டர் ஒருவரிடம் பல் செட் செய்யும் வேலை. யாருடையது என்றே தெரியாத வாய்களின் அச்சை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பவள், போகும்போதும் வரும்போதும் நாலு முழு மனிதர்களைப் பார்க்க ஆசைப்பட்டால் குற்றமா?

ரயில் அங்கே நின்றதற்குக் காரணம் மழை. மழைக்காலத்தின் நடுவில் மலைச்சரிவு ஒன்று இறங்கித் தண்டவாளத்தை மூடிவிட்டது. மண்ணை வாரிப்போட்டுப் பாதையைத் திறந்தபோது, அந்த இடத்தில் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் நல்ல எஞ்சின் மண்ணில் மோதி அடிபட்டுப் பட்டறைக்குப் போயிருந்தது. பதிலுக்கு எங்கேயோ ஓரங்கட்டி வைத்திருந்த கிழட்டு எஞ்சின் ஒன்றைப் பிடித்து மாட்டியிருந்தார்கள். அதற்கு ஏற்றம் என்றாலே மூச்சு வாங்கும். ஊர்ந்து போனாலோ இன்னும் சூடேறும். அதனால் ஏற்றத்துக்கு முன்னால் வருகிற கடைசிச் சமதரையில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றிக் கிளப்புவார். அந்தச் சமதரையில்தான் அந்த வீடு. அத்தனை வருஷம் அதே வழியில் போய்வந்தும் அங்கே ஒரு வீடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பச்சையாக ஏதோ ஜன்னலில் வந்து போகும், நாங்களும் கொட்டாவி விட்டுக்கொண்டு போவோம்.

மண் அந்த வீட்டையும் சும்மா விடவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கட்டியிருந்த குளியலறையை அப்படியே வாரிக்கொண்டு போயிருந்தது. வீட்டுக்கு வரும் சாலையும் அறுந்து கிடந்தது. கணவர் செடி வளர்த்து விற்கிறவர். விற்பதற்கு வழி இல்லாததால் அவருடைய மிச்சச் செடிகள் தொட்டிகளில் சும்மா நின்றன. ஆனால் கிணற்றில் தண்ணீர் இருந்தது. வண்டி நின்றதும் அவர் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் ஓடுவார். எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டுகிற பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

எங்கள் பெட்டியில் அந்த வீட்டைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. எனக்கு எதிர் இருக்கையில் ஜோசியர். அது பட்டப்பெயர், ஆள் மின்சார அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இன்றைக்கு வண்டி எவ்வளவு தாமதம் என்று தினமும் குறி சொல்வார், ஒரு நாளும் பலித்ததில்லை. பக்கத்தில் டீச்சர். அவர் நிஜமாகவே டீச்சர்.

"பேச்சுவார்த்தையே கிடையாது, பாத்துக்கிட்டே இருங்க," என்றார் ஜோசியர். "அந்தம்மா அவர்கிட்ட வாயத் தொறந்து யாராவது பாத்தீங்களா? பெரிய சண்டை."

"சண்டைன்னா சத்தம் வரும்," என்றார் டீச்சர். "இது அதையெல்லாம் தாண்டின கட்டம்."

ஜோசியர் சொன்னதில் பாதி சரி என்று ஒருநாள் தெரிந்தது. குழாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்த கணவர் எங்கள் ஜன்னலோரம் நின்று, கேட்காமலே கொட்டித் தீர்த்துவிட்டார். தினமும் பார்க்கிற முகங்கள், ஆனால் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை; அப்படிப்பட்டவர்களிடம் சொல்லிவிடுவது சுலபம் போல.

"மண்ணு வந்த அன்னிலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க. எல்லாம் கை ஜாடைதான். நான் வந்தா எந்திரிச்சுப் போயிடறா. தப்பு எம்மேலதான். பின்னாடி ஒரு தடுப்புச்சுவர் கட்டுங்க, கட்டுங்கன்னு வருஷக்கணக்கா தலையால அடிச்சுக்கிட்டா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னே ஓட்டிட்டேன்." சரிவின் பக்கம் கையைக் காட்டினார். "கட்டிக்கிட்டுதான் இருக்கேன். கட்டி முடிச்சாலாவது பேசறாளான்னு பாப்போம்."

பார்த்தோம். மண்ணோடு உருண்டு வந்த கற்களையே பொறுக்கி, வீட்டுக்குப் பின்னால் சரிவின் காலடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கொத்தனார் வேலை தெரிந்தவர் இல்லை, சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அதே சமயம் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. கோபத்தில் இருக்கும் பெண்ணை எனக்குத் தெரியும், நானே நல்ல கோபக்காரி. கோபத்தில் இருப்பவள் புருஷனுக்குப் பிடித்த மாதிரி சட்டையை மடித்து வைக்கமாட்டாள். இவள் கொடியிலிருந்து எடுத்த சட்டைகளைக் கை வைத்து நீவி நீவி மடித்தாள். அவர் கல்லைத் தூக்கும்போது இவள் முகம்தான் சுளித்தது.

அப்புறம் ஒருநாள் துண்டு நழுவியது. குனிந்து தொட்டியை நகர்த்தியவள் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மேலுதடு உள்ளே மடிந்து, கன்னம் ஒட்டி, மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று பார்க்கக் கிளம்பியிருந்தன. வருஷக்கணக்காக நான் சோறு தின்பது இந்த மாதிரி முகங்களால்தான். மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லை. என் கண் தானாகவே குளியலறை இருந்த இடத்துக்குப் போனது. செட் போட்டிருப்பவர்கள் அதை எங்கே கழற்றி வைப்பார்கள்? டீச்சரிடம்கூடச் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருந்தேன், அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் கணவர் குழாயோடு முன்னால் போனதும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து மெதுவாகக் கூப்பிட்டேன். "அக்கா, மேல் செட்டா?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். எஞ்சின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்தாள். "யாரு சொன்னா?" அதுதான் நாங்கள் கேட்ட அவளுடைய முதல் பேச்சு. வார்த்தைகள் காற்றாக வந்தன.

"யாரும் சொல்லல. எனக்கு அதான் தொழில். மண்ணுல போயிடுச்சா?"

தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது. "அவருக்குத் தெரியாதும்மா."

"போனதா?"

"இருந்ததே தெரியாது."

சின்ன வயதில் ஈறு முழுக்கச் சீழ் வைத்து, மேல்வரிசைப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருக்கிறார்கள். செட் போட்ட பிறகுதான் பெண் பார்க்க வந்தது. மூச்சு விடாதே என்று அம்மா சொன்னதை இவளும் கேட்டாள். குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக் கழுவி, தாழ்ப்பாள் போட்டே மாட்டி, இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். மண் இறங்கிய காலையில் அதைக் கழற்றி அங்கே ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, துண்டு எடுக்க வீட்டுக்குள் வந்த நேரம். துண்டு எடுக்க வந்ததால் உயிர் பிழைத்தாள்.

"சொல்லிடுங்களேன் அக்கா," என்றார் டீச்சர், அதற்குள் அவரும் ஜன்னலுக்கு வந்திருந்தார். "பல்லு இல்லாதது ஒரு குத்தமா?"

"பல்லு இல்லாதது குத்தமில்லீங்க. சொல்லாம இருந்தது? எதையும் எங்கிட்ட மறைக்கத் தெரியாத மனுஷன் அவரு. இத்தன வருஷம் ஏமாத்திட்டேன்னு ஒரு நிமிஷம் நெனச்சிட்டார்னா?" துண்டை வாயில் அழுத்திக்கொண்டாள். "அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்துடும்மா. ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்."

வண்டி ஊதியது. எஞ்சின் ஆறிவிட்டது.

அளவெடுப்பது டாக்டரின் வேலை, என் வேலை இல்லை. அவரிடம் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு முடியாது என்றார், பிறகு அந்தக் குளியலறைக் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கடைசியில், "தற்காலிகமா ஒண்ணு செய். ரோடு தொறந்ததும் அந்தம்மா இங்க வந்து என்கிட்ட வாயக் காட்டணும், அதுக்கு நீ பொறுப்பு," என்று வாயின் அச்சு எடுக்கிற அளவுத் தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் எங்கள் பெட்டி நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொல்லாமல் உதவி மட்டும் கேட்டோம். நான் ஏறிவிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் ஊதுவதாகச் சொன்னார். கணவரை எஞ்சின் பக்கமே பிடித்து வைக்கிற வேலை ஜோசியருக்கு. அவருக்குச் செடியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. இது என்ன செடி, எவ்வளவு தண்ணி, வெயில் ஆகுமா என்று கேட்டுக் கேட்டு, கேட்ட பாவத்துக்கு ஒவ்வொரு தரமும் ஒரு தொட்டியை வாங்கிக்கொண்டு வருவார். ஒற்றை அறை மாடி வீட்டில் குடியிருக்கும் மனிதர். பெட்டியில் சாமான் வைக்கிற பலகை முழுக்க இலை.

முதல் நாள் நான் கீழே இறங்கி, ரப்பர் கிண்ணத்தில் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்துத் தட்டில் அப்பி, அவள் வாய்க்குள் வைத்து அழுத்தினேன். அவளுக்குக் குமட்டியது. "மூக்கால மூச்சு விடுங்கக்கா, குனிஞ்சு நில்லுங்க, அவ்வளவுதான்." அந்த மாவு கெட்டியாகும் வரை அசையக்கூடாது. அந்த நேரம் பார்த்து அங்கே கணவர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் பதறிப்போய், சொட்டு மழை இல்லாத காலையில், பெட்டி வாசலில் நின்றபடி குடையை விரித்து எங்களை மறைத்தார். எஞ்சின் பக்கம் ஜோசியர் ஏதோ ஒரு செடியின் பெயரைத் தப்பாகச் சொல்ல, கணவர் அதைத் திருத்தத் திரும்பிவிட்டார். தட்டை எடுத்தபோது அண்ணத்தின் வரிகள்கூடத் தெளிவாக விழுந்திருந்தன. ஈரத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். வழி முழுக்க டீச்சர் அதைத் தொட்டுப் பார்க்கலாமா, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பழைய செட் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். அவள் கல்யாணப் போட்டோவைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னப் பெண், பக்கத்தில் அவரும் சின்னப் பையன். முன் பல் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி. செட் என்று யாரும் சந்தேகப்படக்கூடாது என்று அந்தக் காலத்து டாக்டர் வேண்டுமென்றே விட்டது.

"அந்தச் சந்துதான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். "அது இல்லாம செஞ்சிடாதம்மா."

கடி அளவு எடுக்க ஒருநாள், மெழுகில் பற்களை அடுக்கிப் போட்டுப் பார்க்க ஒருநாள் என்று வேலை நகர்ந்தது. சுவரும் நகர்ந்தது. மெழுகுப் பல்லைப் போட்டுப் பார்த்த அன்று நான் அவசரப்படுத்தினேன். பட்டறையில் எஞ்சின் தயாராகிக்கொண்டிருப்பதாக ஓட்டுநர் சொல்லியிருந்தார். அது வந்துவிட்டால் வண்டி இங்கே நிற்காது. வேறு வழியில் இங்கே வர முடியாது, ரோடு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. "சீக்கிரம் முடிச்சிடறேன்கா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

அவள் சுவரைப் பார்த்தாள். அது அவள் இடுப்பளவுக்கு வந்திருந்தது. "அவ்வளவு அவசரமில்லம்மா," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பல்லு இருந்தப்போ தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு செங்கல்லு நகரல. இப்போ வாய மூடிக்கிட்டு இருக்கேன், சுவர் தானா எழும்புது." சொல்லிவிட்டு, பல் இல்லாத வாயைத் திறந்து, துண்டையும் மறந்து, சிரித்தாள். பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தோம். ஜோசியர் மட்டும், கையில் ஒரு தொட்டியோடு திரும்பி வந்து, என்ன விஷயம், என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்றைக்கு வண்டி கிளம்பும்போது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. தூரத்தில் அவர் ஒரு பெரிய கல்லை வயிற்றோடு அணைத்துத் தள்ளாடிக்கொண்டு வந்தார். இடையில் நின்று, இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து, அவள் பக்கம் பார்த்தார். ஏதாவது சொல்வாளா என்று பார்க்கிற பார்வை அது. அவள் துண்டை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள். அவர் மறுபடி கல்லைத் தூக்கினார். எங்கள் கூத்தெல்லாம் அந்த மனிதரின் முதுகின் மேல்தான் நடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

பட்டறைக்குப் போன எஞ்சின் நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. நாளையோட இந்தக் கிழவனுக்கு விடுதலை என்று ஓட்டுநர் ஒரு மாலையில், நான் வண்டி ஏறப் போனபோது சொன்னார். ஊர்ந்து போகும் உத்தரவையும் எடுக்கப்போகிறார்களாம். திரும்ப லேபுக்கே போய் உட்கார்ந்தேன். மெழுகை உருக்கி எடுத்து, ரோஸ் நிறப் பசையை அச்சில் நிரப்பி, வேகவைத்து, ஆறவைத்து, தேய்த்து, அந்த இடைவெளியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். நான் செய்த செட்டுகளிலேயே அதுதான் அழகு என்று எனக்கே பட்டது. சொல்வதில் என்ன, கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் நான் இறங்கி டப்பாவைத் திறந்து காட்டியபோது அவள் அதைத் தொடவே பயந்தாள். பிறகு முகத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டு திரும்பினாள். கன்னம் நிமிர்ந்துவிட்டது. போட்டோவில் இருந்த பெண் கொஞ்சம் வயதாகி வந்து நின்றாள். பெட்டியில் யாரோ ஆஹா என்றார்கள்.

"பேசிப் பாருங்கக்கா. காத்து வருதா? எங்கயாவது குத்துதா?"

"குத்தல," என்றாள். முழு வார்த்தை, காற்று இல்லாமல். தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது போலிருக்கிறது, கையால் வாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் வாடியது.

"என்னக்கா?"

"இனிமே பேசணுமேம்மா," என்றாள். "இத்தன நாள் சாக்கு இருந்துச்சு. இப்போ முதல்ல என்னத்தப் பேசறது? கோவம் தீந்துடுச்சுன்னு சொல்லவா? எனக்குக் கோவமே இல்லியே. அதுவும் பொய்யாயிடும்." சுவரைப் பார்த்தாள். "ஒண்ண மறைக்க இன்னொண்ணு."

பல் செட்டுக்குத்தான் நான் பொறுப்பு. ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், ரோடு திறந்ததும் டாக்டரிடம் வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன். ஓட்டுநர் நான் ஏறும் வரை பார்த்திருந்துவிட்டு ஊதினார். கணவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போனார். "நாளைலேருந்து நிக்கமாட்டீங்களாமே," என்று வருத்தமாகச் சிரித்தார். "பழகிடுச்சுங்க." அவள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு படியில் நின்றாள்.

அன்று போகும்போதும் வரும்போதும் பெட்டியில் இதே பேச்சு. சாப்பிட வாங்கன்னுதான் முதலில் கூப்பிடுவாங்க என்றார் டீச்சர். சுவர் கோணலா இருக்குன்னுதான் சொல்வாங்க, எழுதித் தரேன் என்றார் ஜோசியர்.

மறுநாள் காலை எங்கள் நல்ல எஞ்சினே இழுத்தது. என்ன இழுப்பு! வழக்கமாகத் தூங்குகிறவர்கள்கூட எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னல்களில் அப்பிக்கொண்டார்கள். "வருது, வருது," என்றார் ஜோசியர். வளைவு திரும்பியது, துணிக்கொடி வந்தது, வீடு வந்தது, போய்விட்டது. கண் மூடித் திறக்கும் நேரம்தான். அந்த நேரத்துக்குள் பார்த்ததை வைத்து அப்புறம் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"டீ குடுக்கறாங்க. கைய நீட்டினாங்க பாருங்க," என்றார் ஜோசியர்.

"டீ எங்க இருந்துச்சு? கல்ல அங்க வைங்கன்னு கை காட்டறாங்க," என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன பாத்த?" என்று கேட்டார்.

நான் பார்த்தது அவள் கன்னத்தை. நேற்று என் கண் முன்னால் நிமிர்ந்த கன்னம் மறுபடி உள்ளே போயிருந்தது. துண்டு தோளில் இல்லை. வாய் திறந்திருந்தது, எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி உள்ளங்கையை விரித்திருந்தாள். அவர் கல்லைச் சுவரில் ஏற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி, தலையை மட்டும் குனிந்து, அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.